வீட்டுத் தரையில் ஒரு பாய் போதும்: நடுவுடல் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோருக்கு

உடற்பயிற்சி செய்வதென்று முடிவெடுத்த மறுநாளே நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். வரவேற்பறைத் தரையில் மல்லாந்து படுத்து, கால்விரல்களைச் சோபாவுக்கு அடியில் செருகி, கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு, எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணத் தொடங்குகிறோம். சிங்கப்பூரில் படித்தவர்களுக்கு இது பள்ளியின் உடற்தகுதித் தேர்வான நாப்ஃபா விட்டுச்சென்ற பழக்கம். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை ஆற்றியவர்களுக்கு அங்குள்ள உடற்தகுதித் தேர்வான ஐபிபிடி விட்டுச்சென்ற பழக்கம். இரண்டிலும் ஒரு நிமிடத்தில் எத்தனை சிட்-அப் என்பதே கணக்கு. தேர்வுக்கு அது சரிதான். ஆனால், பல ஆண்டுகள் நாற்காலியிலேயே வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் தொடங்கும் ஒருவர், எழுந்து உட்காருவதற்கு முன்பு, கையும் காலும் அசையும்போது இடுப்பை அசையாமல் வைத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு திறனைச் சுற்றியே அமைந்தவை.

எந்தத் தசைகளைப் பற்றிப் பேசுகிறோம்

பயிற்சியாளர்கள் 'கோர்' என்று சொல்வதை நடுவுடல் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியில் தெரியும் முன்வயிற்றுத் தசை அதில் ஒரு பகுதிதான். அதற்கும் உள்ளே, வயிற்றைக் குறுக்காகச் சுற்றிவந்து அரைக்கச்சைபோல் இறுகும் தசை ஒன்று உண்டு. பக்கங்களில் சாய்தசைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. முதுகெலும்பின் ஒரு கண்ணியை மற்றொன்றோடு தைத்து வைத்தாற்போல் பிடித்திருக்கும் சிறுதசைகள் பின்புறத்தில் உள்ளன. மேலே உதரவிதானம் கூரையாகவும், கீழே இடுப்புத்தளத் தசைகள் தரையாகவும் அமைகின்றன. இவையெல்லாம் ஒருசேர இறுகும்போது வயிற்றறை விறைத்து, முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கிறது. திறக்காத குளிர்பான டின்னையும் காலியான டின்னையும் கையால் அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

தேக்கா சந்தையில் மீனும் காய்கறியுமாக ஒரு கையில் ஐந்து கிலோ பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, உடல் அந்தப் பக்கம் சாயாமல் இழுத்துப் பிடிப்பவை எதிர்ப்பக்கத்துச் சாய்தசைகள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவு, பால்குடம் சுமந்து செல்வோரைப் பின்னாலிருந்து கவனித்தால், கால்கள் நடந்துகொண்டே இருக்க, இடுப்புக்கு மேற்பட்ட உடல் நிலைகுலையாமல் செல்வதைக் காணலாம். நடுவுடலின் வேலை எது என்று யாராவது என்னைக் கேட்டால், படம் வரைந்து காட்டுவதைவிட அந்த நடையைப் பார்க்கச் சொல்வேன்.

தொடங்குமுன்

கருவுற்றிருப்பவர்கள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடலிறக்கம், எலும்புத் தேய்மானம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் அல்லது காலுக்குப் பரவும் முதுகு வலி உள்ளவர்கள், பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு முன்வயிற்றுத் தசைகள் நடுக்கோட்டில் விலகியிருக்கக்கூடும். தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் மேடு ஒன்று நீளவாக்கில் புடைத்தால் அதுவே அறிகுறி. அவ்வாறு தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

மற்றவர்களுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வீவக அடுக்குமாடி வீட்டின் டைல்ஸ் தரையில் முழங்கையும் முழங்காலும் வலிக்கும் என்பதால், சற்றுத் தடிமனான யோகா பாய் ஒன்று வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்தே நிமிடத்தில் பாய் வியர்வையில் வழுக்கும். ஒரு துண்டை மேலே விரித்து, மின்விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பரோட்டா என்றால் இன்னும் கொஞ்சம். காலையில் படுக்கையைவிட்டு எழுந்தவுடன் குனிந்து வளையும் பயிற்சிகளைச் செய்யக்கூடாது. இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைவட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்து நடமாடி ஒரு மணி நேரம் ஆனபின் அவை ஓரளவு தளர்ந்துவிடும்.

முதற்படி: மூச்சும் இறுக்கமும்

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கையைத் தொப்புளுக்குக் கீழே வையுங்கள். மற்றக் கையை இடுப்புக்கு அடியில் செருகிப் பாருங்கள். உள்ளங்கை மட்டும் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அதுதான் இயல்பான வளைவு.

மூக்கின் வழியாக மூச்சை இழுக்கும்போது விலாவின் இரு பக்கங்களும் விரிய வேண்டும். தோள்கள் காதை நோக்கி ஏறக்கூடாது. பிறகு, சூடான தேநீரை ஊதி ஆற்றுவதுபோல் உதடுகளைக் குவித்து மெதுவாக மூச்சை விடுங்கள். மூச்சு தீரும் தறுவாயில் அடிவயிறு தானாகவே இறுகுவதைக் கை உணரும். அந்த இறுக்கத்தை விட்டுவிடாமல் அடுத்த மூச்சை எடுக்கப் பழக வேண்டும். பலர் இந்த இடத்தில் வயிற்றை உள்ளே எக்குகிறார்கள். அது வேறு. வீட்டுப் பிள்ளை ஓடிவந்து நம் வயிற்றின்மேல் விழப்போகிறது என்று தெரிந்தால் வயிறு எப்படிச் சுற்றிலும் விறைத்துக்கொள்ளுமோ, அதில் கால் பங்கு போதும்.

செய்வது சரிதானா என்று அறிய ஒரு வழி உண்டு. இறுக்கத்தைத் தளர்த்தாமல் ஒன்று முதல் பத்துவரை வாய்விட்டு எண்ணுங்கள். குரல் திக்கினால் மூச்சை அடக்கியிருக்கிறீர்கள் என்று பொருள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதல் வாரத்தில் நாள்தோறும் பத்து மூச்சு இப்படிப் பழகினால் போதும்.

இரண்டாம் படி: மல்லாந்த கரப்பான்

ஆங்கிலத்தில் செத்த பூச்சி என்ற பொருளில் 'டெட் பக்' என்பார்கள். மருந்து அடித்த மறுநாள் சமையலறை மூலையில் காலைத் தூக்கிக் கிடக்கும் கரப்பானை நினைத்துக்கொண்டால் நிலை மறக்காது.

மல்லாந்து படுத்து, இரு கைகளையும் கூரையை நோக்கி நீட்டுங்கள். தொடைகள் செங்குத்தாகவும் முழங்காலுக்குக் கீழே தரைக்கு இணையாகவும் இருக்குமாறு கால்களைத் தூக்குங்கள். ஒரு சிறு துண்டை நான்காக மடித்து, ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு இடுப்புக்கு அடியில் வைத்து, முதுகை மென்மையாக அதன்மேல் அழுத்துங்கள். இப்போது மூச்சை விட்டுக்கொண்டே, வலக்கையைத் தலைக்குப் பின்னாலும் இடக்காலை முன்னாலும் மூன்று விநாடிகளில் நீட்டுங்கள். குதிகால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். மூச்சை இழுத்தபடி பழைய நிலைக்கு வந்து, மறுபக்கம் செய்யுங்கள்.

வீட்டில் இருக்கும் யாரையாவது அந்தத் துண்டின் முனையை இலேசாக இழுக்கச் சொல்லுங்கள். துண்டு உருவிக்கொண்டு வந்துவிட்டால், கால் நீண்ட அந்தக் கணத்தில் இடுப்பு தரையைவிட்டு எழும்பிவிட்டது. பயிற்சியின் பலன் முழுவதும் அந்தத் துண்டு நகராமல் இருப்பதில்தான் இருக்கிறது. கால் எவ்வளவு தாழ்ந்தது என்பது இரண்டாம்பட்சம். துண்டு நகர்கிறது என்றால், கைகளை விட்டுவிட்டு, மடக்கிய காலை மட்டும் இறக்கிக் குதிகாலால் தரையைத் தொட்டு எடுங்கள். பெரும்பாலோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். பக்கத்துக்கு ஆறு முறை, இரண்டு சுற்று.

மூன்றாம் படி: இடுப்பைத் தூக்குதல்

யோகாசனம் பயின்றவர்கள் இதைச் சேதுபந்தாசனமாக அறிவார்கள். முழங்கால்களை மடக்கிப் படுத்து, குதிகால்களை ஊன்றி, பிட்டத் தசைகளை இறுக்கி, தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே கோடாக வரும்வரை இடுப்பைத் தூக்கி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை. தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டால், குதிகாலைப் பிட்டத்துக்கு இன்னும் நெருக்கமாக இழுத்து வைத்தால் சரியாகும்.

நான்காம் படி: எதிர்க்கை, எதிர்க்கால்

தவழும் குழந்தைபோல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றுங்கள். மணிக்கட்டு தோளுக்கு நேர்கீழேயும், முழங்கால் இடுப்புக்கு நேர்கீழேயும் இருக்கட்டும். முதற்படியில் பழகிய இறுக்கத்தைக் கொண்டுவந்து, வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்டி, எட்டு முதல் பத்து விநாடி நிறுத்தி, மாற்றுங்கள். காலை மேலே உயர்த்த முயலாதீர்கள்; குதிகாலால் பின்சுவரைத் தள்ளுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். உயர்த்தினால் இடுப்பு வளைந்து, வேலை முழுவதும் கீழ்முதுகுக்குப் போய்விடும்.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. பாதியளவு தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டம்ளரைக் கீழ்முதுகில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, யாரையாவது வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் செய்யும்போது தண்ணீர் சிந்துகிறதோ, அந்தப் பக்கத்தில் இடுப்பு திரும்புகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஐந்தாம் படி: பிளாங்க்

புதிதாகத் தொடங்குவோர் அதிகம் கேள்விப்பட்டிருப்பதும் அதிகம் தவறாகச் செய்வதும் இந்தப் பயிற்சியைத்தான். முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, உடலைப் பலகைபோல் நிறுத்துவதுதான் இது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று போட்டிபோடுவதால் யாருக்கும் பயனில்லை. நானும் ஒரு காலத்தில் இரண்டு நிமிடம் தாங்குவேன் என்று பெருமை பேசியவன்தான். ஒருநாள் என் மனைவி பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துக் காட்டி, "என்னங்க, நடுவுல தொட்டில் மாதிரி தொங்குது" என்றாள். வயிறு தளர்ந்து, இடுப்பு இறங்கி, முதுகெலும்பின் மூட்டுகளிலேயே உடலின் பாரத்தைத் தொங்கவிட்டிருக்கிறேன். அன்றோடு கடிகாரத்தை ஒதுக்கிவிட்டு, பத்து விநாடியிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.

தரைக்குப் போவதற்கு முன் சாய்வாகப் பழகுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் வரைந்த கல்மேசை இருக்குமே, அதன் விளிம்பில் முன்கைகளை ஊன்றிக் கால்களைப் பின்னால் வைத்துச் சாய்ந்து நின்றால், உடலின் பாரத்தில் ஒரு பகுதிதான் நடுவுடல்மேல் விழும். இரண்டு வாரம் கழித்து அங்குள்ள பெஞ்சுக்கு இறங்குங்கள். அதன்பின் தரை. முழங்காலைத் தரையில் ஊன்றிச் செய்வதைவிட இந்த முறையே மேல் என்பது என் கருத்து. ஏனென்றால், தலை முதல் குதிகால்வரை நேர்கோட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்பதை உடல் முதல் நாளிலிருந்தே அறிந்துகொள்கிறது.

நிலைக்கு வந்ததும் முழங்கைகளைக் கால்விரல்களை நோக்கி இழுப்பதுபோல் தரையை அழுத்துங்கள். முழங்கை உண்மையில் நகராது. ஆனால், அந்த எண்ணத்திலேயே வயிறு கல்போல் இறுகும். பிட்டத் தசைகளையும் இறுக்குங்கள். பார்வை கைகளுக்கு நடுவே தரையில் இருக்கட்டும். நிமிர்ந்து தொலைக்காட்சி பார்த்தால் கழுத்து வலிக்கும். பத்து விநாடி தாங்கி, முழங்காலை இறக்கி ஐந்து விநாடி ஓய்வெடுத்து, இப்படி ஆறு முறை செய்யுங்கள். ஒரு நிமிடம் முழுமையாகப் பயிற்சி செய்த பலன் கிடைக்கும், தொட்டில் தொங்காது. உடல் நடுங்கினால் அஞ்ச வேண்டாம், ஆனால் இடுப்பு தொய்ந்தால் அந்த விநாடியே இறங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: பக்கவாட்டு பிளாங்க்

ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றி, முழங்கால்களைச் செங்கோணமாக மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி முன்னால் தள்ளுங்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். பக்கத்துக்குப் பத்து விநாடி, மூன்று முறை. இது எளிதாகும்போது கால்களை நீட்டி, பாதங்களை ஒன்றின்முன் ஒன்றாக வைத்துச் செய்யலாம். தோள் காதோடு ஒட்டிக்கொண்டு வலித்தால், முழங்கையால் தரையைக் கீழே தள்ளித் தோளை இறக்குங்கள்.

ஏழாம் படி: சிட்-அப்புக்கு மாற்று

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், முதுகு வலி உள்ளவர்களுக்காக மூன்று பயிற்சிகளை முன்வைத்தார். அவற்றில் இரண்டை, எதிர்க்கை எதிர்க்காலையும் பக்கவாட்டு பிளாங்க்கையும், மேலே பார்த்துவிட்டோம். மூன்றாவது இது. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மட்டும் மடக்குங்கள்; மற்றக் கால் நீண்டிருக்கட்டும். இரு கைகளையும் இடுப்பின் வளைவுக்கு அடியில் வைத்து, அந்த வளைவு நசுங்காமல், தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். தலைக்கு அடியில் ஒரு தாளை உருவும் அளவு உயரம் போதும். பத்து விநாடி தாங்கி இறக்குங்கள். ஐந்து முறை ஆனதும் மடக்கிய காலை மாற்றுங்கள்.

முழு சிட்-அப்பில் கால்களைப் பிடித்துக்கொண்டு எழும்போது, வேலையில் பெரும்பங்கை இடுப்பை மடக்கும் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்று கீழ்முதுகெலும்பிலேயே ஒட்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் முதுகெலும்பு அழுந்துகிறது. எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கு அது எலும்பு முறிவில் முடியக்கூடும். 2015 முதல் ஐபிபிடியில் தண்டால், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றுமே இருப்பதால், தேசிய சேவையாளர்கள் சிட்-அப்பை அறவே தவிர்க்க முடியாது. அவர்கள் தேர்வுக்கு ஆறு வாரம் முன்பிருந்து வாரம் இருமுறை அதைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் மேற்சொன்ன பயிற்சிகளே அடித்தளமாக இருக்கட்டும்.

எத்தனை நாள், எவ்வளவு நேரம்

முதலிரண்டு வாரம் முதல் மூன்று படிகளை மட்டும் செய்யுங்கள். மூன்றாம், நான்காம் வாரத்தில் எதிர்க்கை எதிர்க்காலையும் கல்மேசை பிளாங்க்கையும் சேருங்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து ஏழும் வரலாம். வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தோடு, குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று 2022இல் வெளியான சிங்கப்பூர் உடலியக்க வழிகாட்டி சொல்கிறது. இந்த இருபது நிமிடம் அதன் இரண்டாம் பாதியில் ஒரு பகுதி, நடைக்கு ஈடாகாது. கால்களுக்குத் தோப்புக்கரணத்தையோ பஸ்கியையோ அதே நாளில் சேர்த்துக்கொண்டால் நல்லது.

கால்களை மாற்றி மாற்றி வேகமாக உதைக்கும் 'மவுண்டன் கிளைம்பர்' போன்றவற்றை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நிலை கெடும் என்பது முதற்காரணம். இரவு பத்து மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் என்பதும் ஒரு காரணம்தான்.

தொப்பை குறையுமா

வயிற்றுக்குப் பயிற்சி செய்வதால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரைவதில்லை. உடல் எங்கிருந்து கொழுப்பை எடுக்கும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. தசை இறுகி உருப்பெறுவது உள்ளே நடக்கும்; அது வெளியே தெரிய, மேலிருக்கும் கொழுப்பு குறைய வேண்டும், அதற்குத் தட்டையும் கோப்பையையும் கவனிக்க வேண்டும். நாளுக்கு மூன்று தே தாரிக் குடிப்பவர், அவற்றில் இரண்டைப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்காக மாற்றினாலே அந்த இரண்டிலும் இருந்த சர்க்கரையும் கெட்டிப்பாலும் போய்விடும். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இடுப்புச் சுற்றளவின் எச்சரிக்கை எல்லை. எடை பார்க்கும் தராசைவிட, மாதம் ஒருமுறை தையல்காரர் நாடாவை எடுத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து குறித்துக்கொள்வது பயன்தரும்.

எப்போது நிறுத்த வேண்டும், எப்போது கூட்ட வேண்டும்

பயிற்சிக்கு மறுநாள் வயிறும் பக்கங்களும் தொட்டால் வலிப்பது இயல்பு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். கீழ்முதுகில் குத்தும் வலி, காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல் ஆகியவை இயல்பல்ல. நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடையிடுக்கு மரத்துப்போவதோ, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவதோ நேர்ந்தால் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

எட்டு வாரம் ஆனபின், பழைய துண்டையும் டம்ளரையும் மறுபடி எடுத்துச் சோதித்துப் பாருங்கள். இரண்டும் அசையாமல் இருந்தால், பிளாங்க்கில் ஒரு காலை ஓர் அங்குலம் தூக்கிப் பிடிப்பது, பக்கவாட்டு பிளாங்க்கில் மேற்காலை உயர்த்துவது என்று கடினத்தைக் கூட்டலாம். அதற்கடுத்தது தண்டால்தான்: இறங்கி ஏறும்போதெல்லாம் இடுப்பு பிளாங்க்கில் நின்ற அதே நிலையில் நிற்க வேண்டும். அதையும் முதலில் கல்மேசையில் தொடங்கி, பெஞ்சு, பிறகு தரை என்று இறங்கி வாருங்கள்.